கொள்முதல் போனால் துறைமுகமும் போகும்

நம் சங்கத்தின் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் இப்போது ஒரே பேச்சுதான்: "வியாபாரம் முன்போல் இல்லை." பெரிய அங்காடிகள் வந்துவிட்டன. செல்போனைத் தட்டினால் பருப்பும் எண்ணெயும் வீட்டு வாசலுக்கு வந்து சேருகின்றன. கம்பெனிக்காரர்கள் நமக்கு ஒரு விலையும் பெரிய இடத்துக்கு ஒரு விலையும் வைக்கிறார்கள். இவையெல்லாம் உண்மை, மறுப்பதற்கில்லை. ஆனால் ஓர் ஊரை விட்டு வியாபாரம் கழன்றுகொள்வது இது முதல் தடவை அல்ல. கல்லாவில் பணம் குறைவதற்கு வெகு காலம் முன்பே வேறொன்று குறைந்திருக்கும். அது எது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், கடலூர் மாவட்டத்தில் வெள்ளாறு கடலோடு கலக்கும் இடத்தில் இருக்கும் பரங்கிப்பேட்டையின் பழைய கணக்கைப் புரட்டிப் பார்ப்பது நல்லது என்பது நம் கருத்து.

பழம்பெருமை பேசுவதற்காக இதை நாம் எழுதவில்லை. வரவு செலவு பார்ப்பவர்களுக்கு வரலாறும் ஒரு பேரேடுதான். அதில் எந்தப் பக்கத்தில் வரவு நின்றது என்று பார்ப்பதே நம் வேலை.

மூன்று பெயர் கொண்ட ஊர்

பரங்கிப்பேட்டை இன்று ஒரு பேரூராட்சி. கடலூருக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டரில், வெள்ளாற்றின் வடகரையில் இருக்கிறது. சேலம் பக்கத்து மலைகளிலிருந்து வரும் வசிஷ்ட நதியும் சுவேத நதியும் கூடி வெள்ளாறாகி, சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாக வந்து இங்கே கடலில் விழுகிறது. பரங்கியர் என்று நம்மவர்கள் அழைத்த போர்த்துக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டில் வந்து தங்கியதால் பரங்கிப்பேட்டை. அவர்கள் தங்கள் மொழியில் வைத்த பெயர் போர்ட்டோ நோவோ. புதிய துறைமுகம் என்று பொருள். முஸ்லிம் ஆட்சியாளர்கள் காலத்துப் பெயர் மகமூது பந்தர். பந்தர் என்றால் பாரசீகத்தில் துறைமுகம். ஒரே சரக்குக்கு மூன்று வியாபாரி மூன்று பெயர் வைத்திருந்தால், அந்தச் சரக்குக்கு நல்ல கிராக்கி இருந்தது என்றுதானே அர்த்தம்?

போர்த்துக்கீசியருக்குப் பின் 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் வந்து இங்கே பண்டகசாலை வைத்தார்கள். இவர்களுக்கெல்லாம் முன்பிருந்தே மரைக்காயர் சமூகத்தார் சொந்தக் கப்பல் வைத்துக் கீழ்த்திசை நாடுகளோடு வியாபாரம் செய்துவந்தார்கள். அச்சே, கெடா, மலாக்கா, மணிலா என்று அவர்களுடைய கணக்கு விரிந்திருந்தது. போகும்போது துணி, வரும்போது வெள்ளீயம், மிளகு, வாசனைச் சரக்கு, பாக்கு. பரங்கிப்பேட்டை வராகன் என்ற பெயரிலேயே ஒரு பொன் நாணயம் சோழமண்டலக் கரையில் புழங்கியது. சிற்றூர் ஒன்றின் பெயரால் காசு புழங்கியது என்றால் அந்த ஊரின் வாக்குக்கு எவ்வளவு மதிப்பு இருந்திருக்க வேண்டும் என்பதை வியாபாரிகளாகிய நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

துறைமுகத்தில் என்ன இருந்தது?

இங்கேதான் நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். துறைமுகம் என்ற முறையில் பரங்கிப்பேட்டை அப்படி ஒன்றும் சிறந்த இடம் அல்ல. ஆற்றின் முகத்துவாரத்தில் மணல் திட்டு. அது வெள்ளத்துக்கு வெள்ளம் இடம் மாறும். பெரிய கப்பல் ஆற்றுக்குள் வர முடியாது. கடலில் நங்கூரம் போட்டு நிற்க வேண்டும். சரக்கைப் படகில் ஏற்றிக்கொண்டு போய்க் கப்பலில் சேர்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும் வந்தால் அந்த வேலையும் நின்றுவிடும். கற்கட்டு மதகோ, ஆழமான விரிகுடாவோ, மலை மறைவோ எதுவும் கிடையாது.

பின் எதற்காக இத்தனை தேசத்தார் வந்து விழுந்தார்கள்? துறைமுகத்துக்காக அல்ல, துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த சரக்குக்காக. வெள்ளாற்றுப் படுகையிலும் அதைச் சுற்றியும் தறிகள் ஓடின. நீளத்துணி, சாயத்துணி, கட்டம் போட்ட துணி என்று ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு ரகம். மலாய் நாட்டில் எந்தக் கரை ஓடும், மணிலாவில் எந்த நிறம் விற்கும் என்பது பரங்கிப்பேட்டையில் உட்கார்ந்திருந்த வியாபாரிக்குத் தெரியும். எந்த ஊர்த் தறியில் எந்த ரகம் சுத்தமாக இறங்கும் என்பதும் அவருக்குத் தெரியும். இந்த இரண்டு தகவலும் ஒருவர் தலைக்குள் இருந்ததுதான் அந்த ஊரின் முதல். மணல் திட்டு அதற்குக் குறுக்கே நிற்கவில்லை.

வியாபாரம் நடந்த முறையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது. கப்பல் வந்தபின் துணி தேடினால் கிடைக்காது. பல மாதங்களுக்கு முன்பே வியாபாரி நெசவாளிக்கு முன்பணம் கொடுக்க வேண்டும். மாதிரித் துணியைக் காட்டி, நீளம், அகலம், இழை எண்ணிக்கை பேச வேண்டும். துணி வந்ததும் தரம் பிரித்து, வெளுத்து, சாயமேற்றி, மடித்து, கட்டுக் கட்டி வைக்க வேண்டும். பஞ்சம் வந்தால் நெசவாளி ஊரை விட்டுப் போய்விடுவார், முன்பணம் போகும். போர் வந்தால் வண்டி வராது. இத்தனை ஆபத்தையும் வியாபாரி தம் தலையில் ஏற்றிக்கொண்டார். அதனால்தான் லாபமும் அவர் கையில் நின்றது.

ஒரு கட்டுத் துணி கப்பலேறுவதற்குள் எத்தனை பேருக்குக் கூலி கொடுத்தது என்று எண்ணிப் பாருங்கள். நூல் நூற்றவர், நெய்தவர், வெளுத்தவர், சாயம் தோய்த்தவர், வண்டிக்காரர், தரகர், காசு மாற்றித் தரும் சராப்பு, கட்டுக் கட்டியவர், படகோட்டி. இவர்கள் அத்தனை பேரும் அரிசியும் புளியும் வாங்கியது உள்ளூர் மளிகைக் கடையில். கப்பலுக்கு வேண்டிய அரிசி, உப்பு, கருவாடு, நெய் எல்லாம் கரையில்தான் வாங்க வேண்டும். மளிகைக்காரர் வெளிநாட்டுக்கு ஒரு முழத் துணியும் அனுப்பவில்லை. ஆனாலும் அந்த வெளிநாட்டு வியாபாரத்தில்தான் அவர் வாழ்ந்தார்.

ஆகவே நாம் சொல்வது இதுதான். பரங்கிப்பேட்டை விற்றதால் வாழ்ந்த ஊர் அல்ல. வாங்கியதால் வாழ்ந்த ஊர். சுற்று வட்டாரத்தில் விளைந்ததையும் நெய்ததையும் முதல் போட்டு வாங்கும் வியாபாரிகள் இருந்தவரை அது துறைமுகம். அவர்கள் இல்லாதபோது அது வெறும் கடற்கரை.

சரிவு எங்கே தொடங்கியது?

போர்தான் ஊரைக் கெடுத்தது என்று சொல்வார்கள். 1781-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி ஹைதர் அலியின் படையும் அயர் கூட் தலைமையிலான ஆங்கிலப் படையும் பரங்கிப்பேட்டை அருகே மோதின. ஹைதர் பின்வாங்கினார். அந்தப் போர்க்காலத்தில் தென்னாற்காட்டுப் பகுதியே சூறையாடப்பட்டது, தறிகள் நின்றன. அடி பலமானதுதான். ஆனால் போரில் இடிந்த ஊர்கள் எத்தனையோ மீண்டும் எழுந்திருக்கின்றன. பரங்கிப்பேட்டை முன்போல் எழாததற்குக் காரணம், பின்னால் இருந்த சரக்கு போய்விட்டது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கிலாந்து தன் நாட்டு நெசவுத் தொழிலைக் காக்க இந்தியத் துணிக்குச் சட்டம் போட்டுத் தடை விதித்தது. 19-ஆம் நூற்றாண்டில் மான்செஸ்டர் துணியும் நூலும் கப்பல் கப்பலாக இங்கேயே வந்து இறங்கின. துணி ஏற்றிய கரையில் துணி இறங்க ஆரம்பித்தது. வாங்கும் ஊர் விற்கும் ஊராக மாறத் தொடங்கியது அப்போதுதான்.

கடல் கடந்து போனவர்கள் போன இடத்தில் வேரூன்றினார்கள். 1786-இல் ஆங்கிலேயர் பினாங்குத் தீவில் குடியேற்றம் தொடங்கியதும் சோழமண்டலக் கரைத் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் அங்கே கடை வைத்தார்கள். அங்கே 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் அவர்கள் காலூன்றியதற்கு இன்றும் சாட்சி. வியாபாரத் திறமை அழியவில்லை. சரக்கு எங்கே இருந்ததோ அங்கே போய்விட்டது.

இரும்பு சொன்ன பாடம்

துணி போனபின் இந்த ஊருக்கு இன்னொரு வாய்ப்பு வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிப் பணியில் இருந்து விலகிய ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலை தொடங்கினார். இந்தியாவில் ஐரோப்பிய முறையில் பெரிய அளவில் இரும்பு செய்ய நடந்த முதல் முயற்சிகளில் இது ஒன்று. சேலத்துக் கனிமம் உலகத் தரமானது. அதை இங்கே கொண்டுவந்து, மரக்கரியில் உருக்கி, கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். கம்பெனி அரசாங்கமும் கடன் கொடுத்தது. இரும்பின் தரத்தில் யாரும் குறை சொல்லவில்லை.

ஆனாலும் 1870-ஐ எட்டுவதற்குள் உலைகள் அணைந்துவிட்டன. ஏன்? கனிமம் தூரத்திலிருந்து வர வேண்டும். வண்டிச் சத்தம் அதிகம். மரக்கரிக்கு அருகில் இருந்த காடு வெட்ட வெட்டத் தீர்ந்தது. பின் கரியும் தூரத்திலிருந்து வர வேண்டியதாயிற்று. இங்கிலாந்திலோ நிலக்கரியைக் கொண்டு மலிவாக இரும்பு செய்தார்கள். தரம் இருந்தும் அடக்க விலை கட்டவில்லை. ஹீத் இங்கிலாந்து திரும்பி, மாங்கனீசு சேர்த்து உருக்குச் செய்யும் முறைக்கு 1839-இல் காப்புரிமை எடுத்தார். அதனால் ஷெஃபீல்டு ஆலைகள் கொழித்தன. பரங்கிப்பேட்டைக்கு ஒன்றும் வரவில்லை.

இதில் நமக்கு என்ன பாடம்? ஆலை வந்தால் ஊர் செழிக்கும், திட்டம் வந்தால் தொழில் பெருகும் என்று வாயைப் பிளந்துகொண்டிருப்பது போதாது. கொள்முதல் கணக்குச் சரியாக இல்லாத தொழில், எத்தனை பெரிய முதலாளி நடத்தினாலும் நிலைக்காது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்றார்கள் பெரியவர்கள். ஆற்றங்கரையில் கட்டிய ஆலைக்கு அந்த அளவு தவறியது.

ரயில் வந்தது, சரக்கு திரும்பியது

1870-களின் பிற்பகுதியில் தென்னிந்திய ரயில்வேயின் பாதை கடலூர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம், மாயவரம் வழியாக ஓடத் தொடங்கியது. ஊருக்கே ரயில் நிலையம் கிடைத்தது. ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும் என்ற பழமொழி அப்படியே நடந்தது. முன்பு உள்நாட்டுச் சரக்கு கடற்கரை நோக்கி வண்டியில் வந்தது. ரயில் வந்தபின் அது வழியிலுள்ள நிலையத்திலேயே ஏறி நேரே கடலூருக்கோ நாகப்பட்டினத்துக்கோ சென்னைக்கோ போனது. நீராவிக் கப்பல்களுக்கும் பெரிய துறைமுகங்களே வசதியாக இருந்தன.

ரயிலைக் குறை சொல்வதில் பயனில்லை. ரயில் சரக்கை மட்டும் திருப்பவில்லை. வாங்குகிற ஆளையும் திருப்பியது. மணிலாக் கொட்டையும் நெல்லும் எங்கே விளைந்ததோ அங்கேயே பெரிய கம்பெனிகளின் ஏஜெண்டுகள் போய் உட்கார்ந்து வாங்கினார்கள். முன்பணம் கொடுப்பவர் அவர், தரம் பார்ப்பவர் அவர், விலை சொல்பவர் அவர் என்று ஆனது. கரையில் இருந்த வியாபாரிக்கு மிஞ்சியது சில்லறை வியாபாரம்.

ஊர்க்காரர்கள் சோம்பி இருந்துவிடவில்லை. பர்மா, மலாயா, சிங்கப்பூர் என்று போனார்கள். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போன எம்.வி. சிதம்பரம் கப்பலை இந்தக் கரையில் மூத்தவர்கள் பலர் இன்றும் நினைவில் வைத்திருப்பார்கள். 1985 பிப்ரவரியில் அதில் தீப்பிடித்தபின் அந்தக் கப்பல் போக்குவரத்தும் முடிந்தது. அதற்குள் வளைகுடா நாடுகளுக்கு விமானம் ஏறும் காலம் வந்துவிட்டது. துணியை ஏற்றிய ஊர் ஆட்களை ஏற்றும் ஊராயிற்று.

வரும் பணம் எங்கே போகிறது?

வெளிநாட்டிலிருந்து வரும் பணம் இன்றும் பரங்கிப்பேட்டையைத் தாங்குகிறது. வீடு எழும்புகிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள், திருமணங்கள் நடக்கின்றன. உழைத்து அனுப்புகிறவர்களை வாழ்த்தத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பணம் ஊருக்குள் எத்தனை கை மாறுகிறது என்பதே வியாபாரிகள் கேட்க வேண்டிய கேள்வி.

ஒரு கணக்குக்குச் சொல்கிறோம். நூறு ரூபாய்க்கு ஒருவர் நம் கடையில் சோப்பும் பிஸ்கட்டும் வாங்குகிறார். நமக்கு நிற்பது சில ரூபாய். மீதி அன்றே ஏஜென்சிக்குப் போய், அங்கிருந்து எங்கோ இருக்கும் கம்பெனிக்குப் போய்விடும். அதே நூறு ரூபாய்க்கு, நாமே பக்கத்துக் கிராமத்தில் வாங்கிச் சுத்தம் செய்த உளுந்தை அவர் வாங்கினால் என்ன ஆகும்? விவசாயிக்கு ஒரு பங்கு, உடைத்தவருக்குக் கூலி, வண்டிக்கு வாடகை, நமக்கு லாபம். விவசாயியும் வண்டிக்காரரும் அந்தப் பணத்தோடு மறுபடி நம் கடைக்கே வருவார்கள். முதல் நூறு ரூபாய் ஊர் வழியே போனது. இரண்டாவது நூறு ரூபாய் ஊருக்குள் சுற்றியது. சுற்றும் பணம்தான் கடைத்தெருவை வாழவைக்கும்.

மீனிலும் இதே கதைதான். வெள்ளாற்று முகத்துவாரத்தில் அன்னன்கோயில் இறங்குதளத்தில் படகுகள் வந்து நிற்கின்றன. தெற்கே பிச்சாவரத்துச் சதுப்பு நிலக் காடு மீனுக்கும் இறாலுக்கும் நாற்றங்கால் போன்றது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம் பரங்கிப்பேட்டையிலேயே பல பத்தாண்டுகளாக இயங்கிவருகிறது. இவ்வளவு இருந்தும் நல்ல விலைக்குப் போகும் இறாலும் நண்டும் ஐஸ் பெட்டியில் ஏறி ஏற்றுமதிக் கம்பெனிகளுக்குப் போய்விடுகின்றன. அவற்றைத் தரம் பிரிப்பதிலும் பதப்படுத்துவதிலும் வரும் லாபம் வேறு ஊரில் நிற்கிறது.

1990-களில் இந்தக் கரை முழுவதும் இறால் பண்ணைகள் முளைத்தன. வயலும் குடிநீரும் உப்பாகின்றன என்று புகார் எழுந்தது. வெள்ளைப்புள்ளி நோய் வந்து பல பண்ணைகள் நொடித்தன. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோரப் பண்ணைகளுக்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது. 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமி சாமியார்பேட்டை, கிள்ளை போன்ற கடலோர ஊர்களில் உயிர்களையும் படகுகளையும் கொண்டு போனது. அதன்பின் 2009-இல் வன்னாமி ரகத்துக்கு அரசு அனுமதி தந்ததும் பண்ணைத் தொழில் மீண்டும் தலையெடுத்தது. குஞ்சு, தீவனம், கொள்முதல் மூன்றிலும் பெரும்பாலும் வெளியார் கைதான் ஓங்கியிருக்கிறது. லாபம் வந்தால் வெளியே போகும். நோய் வந்தால் நஷ்டம் உள்ளூரில் தங்கும். இதுதான் கொள்முதலைக் கைவிட்ட ஊரின் நிலைமை.

நம் கடைக்கு என்ன சம்பந்தம்?

நம்மில் பலர் இப்போது ஏஜென்சிக்காரர் இறக்கும் சரக்கை அடுக்கி வைத்து விற்கிறோம். விலை அச்சிட்டே வருகிறது. நம் லாபம் எவ்வளவு என்பதையும் கம்பெனிதான் முடிவு செய்கிறது. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபின் கணக்கு முழுவதும் கணினியில் ஏறிவிட்டது. எந்தப் பகுதியில் எது ஓடுகிறது என்பது நம்மைவிடக் கம்பெனிகளுக்கு நன்றாகத் தெரியும். அதே பெட்டியைப் பெரிய அங்காடியும் விற்கிறது, செல்போன் வியாபாரமும் விற்கிறது. சரக்கு ஒன்றே என்றால் மலிவாகக் கொடுப்பவரிடம்தான் மக்கள் போவார்கள். அவர்கள் மீது கோபிக்க முடியுமா?

பெரிய அங்காடியால் செய்ய முடியாத ஒன்று நம்மால் முடியும். எந்தக் கிராமத்து உளுந்து இட்லிக்குப் பொங்கும், யார் வீட்டுக் கருவாட்டில் மணல் இருக்காது, எந்த வட்டத்துப் புளி பழையது, எந்தச் செக்கு எண்ணெயில் கலப்படம் இல்லை என்பது நமக்குத் தெரியும். பரங்கிப்பேட்டை வியாபாரியின் தலைக்குள் இருந்த முதல் இதுதான். அது இன்னும் நம்மிடம் இருக்கிறது; பயன்படுத்தாமல் துருப்பிடிக்கிறது.

இந்த வட்டாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சம்பா அறுவடையோடு ஒட்டிச் சிதம்பரம் பக்கத்து வயல்களில் உளுந்தும் பச்சைப்பயறும் விளைகின்றன. பண்ருட்டியில் முந்திரியும் பலாவும். விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மணிலா குவிகிறது. குறிஞ்சிப்பாடியில் கைலி, புவனகிரியில் பட்டு. கடலோரம் முழுவதும் கருவாடு. இவற்றில் எத்தனை சரக்கை நம் உறுப்பினர்கள் நேரே கொள்முதல் செய்கிறோம் என்று கேட்டால், விரல் விட்டு எண்ணிவிடலாம்.

"மளிகைக்காரனுக்கு ஏது அவ்வளவு முதல்? முன்பணம் கொடுத்தால் திரும்பி வருமா? வாங்கி வைத்தால் வண்டு விழாதா?" என்று உறுப்பினர்கள் கேட்பது நியாயம். தனி ஆளாகச் செய்தால் ஆபத்துதான். அதற்கும் பழைய பேரேட்டில் வழி இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சோழமண்டலக் கரையில் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் உள்ளூர் வணிகர்களைப் பங்கு போட்டுக் கூட்டாகச் சேரச் செய்து, அந்தக் கூட்டிடமிருந்து துணி வாங்கினார்கள். ஒருவர் நொடித்தால் மற்றவர் தாங்குவார் என்பதே ஏற்பாடு. அந்நியர் தம் வசதிக்குச் செய்ததை நாம் நம் வசதிக்குச் செய்யக்கூடாதா?

நம் யோசனைகள் இவை. ஒவ்வோர் ஊர்ச் சங்கமும் முதலில் ஒரே ஒரு சரக்கை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். உளுந்தோ கருவாடோ மணிலாவோ, அந்த ஊருக்கு எது இயல்போ அது. பத்து உறுப்பினர்கள் சமமாகப் பங்கு போடட்டும். பொதுவாக ஒரு கிடங்கும், சரியான எடைத் தராசும், ஈரப்பதம் பார்க்கும் கருவியும் வாங்கட்டும். விவசாயிக்குப் பணம் அன்றன்றே பட்டுவாடா ஆகட்டும். எடையில் ஒரு கிராம் குறைந்தாலும் அடுத்த பருவம் அவர் நம் பக்கம் வரமாட்டார். உணவுப் பாதுகாப்பு உரிமம், வரிக் கணக்கு எல்லாம் முறையாக இருக்கட்டும். சுத்தம் செய்து, ஊர்ப் பெயரைப் போட்டுப் பொட்டலம் கட்டட்டும். முதல் வருடம் பத்துக் கடையிலும் மட்டும் விற்றால் போதும். வெளியூர் அனுப்புவதை இரண்டாம் வருடம் யோசிக்கலாம். கடனுக்கு விற்பதும், சரக்கைப் பதுக்கி விலை ஏறக் காத்திருப்பதும் இதில் வேண்டாம். கூட்டு வியாபாரம் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இரண்டினால்தான்.

அரசுக்கும் ஒரு வார்த்தை

தமிழ்நாட்டின் சிறு துறைமுகங்கள் பட்டியலில் பரங்கிப்பேட்டையின் பெயர் இருக்கிறது. ஆனால் நம்மைப் போன்ற ஒருவர் பத்து மூட்டை அனுப்பக்கூடிய துறைமுகமாக அது இல்லை. விழுப்புரம்–மயிலாடுதுறை பாதை 2010-இல் அகலப் பாதையாகத் திறக்கப்பட்டது. ரயிலில் மக்கள் போகிறார்கள். சிறு வியாபாரியின் சரக்கு லாரியில்தான் போகிறது. முகத்துவாரத்தில் மணல் அள்ளுவது, மீன் இறங்குதளத்தில் குளிர்பதனக் கிடங்கு அமைப்பது, சிறு அளவுச் சரக்கை ரயிலில் ஏற்ற வசதி செய்வது ஆகியவற்றைக் கேட்க நமக்கு உரிமை உண்டு; கேட்டுக்கொண்டே இருப்போம்.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. மணலை அள்ளிவிட்டால் மட்டும் கப்பல் வராது. அன்று மணல் திட்டு இருந்தபோதே கப்பல் வந்தது. வெளியே நின்று காத்துக்கிடந்தது. ஏற்றுவதற்குச் சரக்கும், அதைச் சேர்த்து வைத்த வியாபாரியும் கரையில் இருந்தார்கள். சரக்கு இல்லாத கரைக்கு ஆழம் எதற்கு?

வணிகப் பெருமக்களே, கடையின் முன்பக்கம் யார் வருகிறார்கள் என்று கவலைப்படுவது இயல்பு. பின்பக்கக் கதவு வழியாக என்ன வருகிறது, யாரிடமிருந்து வருகிறது என்பதையும் பார்ப்போம். அடுத்த பங்குனி, சித்திரையில் உளுந்து களத்துக்கு வரும். அதை வாங்கப் போகும் தராசு நம் சங்கத்தினுடையதாக இருக்க வேண்டும் என்பதே நம் விருப்பம். அதற்குப் பங்கு சேர்க்கும் பேச்சை அடுத்த கூட்டத்திலேயே தொடங்குவோம்.